ஈ ஹ்வி-சோ போன வழியில ஆறு நாள்

முதல் நாள்: ஆக்ஸ்ஃபோர்டு, ஒஹாயோ

சின்சினாட்டில மக வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆச்சு. பேரனுக்கு ஸ்கூல் லீவு விட்டாச்சு, மாப்பிள்ளையும் ஒரு வாரம் லீவு போட்டிருந்தாரு, நயாகரா போவோமா அத்தைன்னு கேட்டாரு. நான் ரொம்ப வருஷமா மனசுல வச்சிருந்ததைச் சொல்லிட்டேன். "மாப்பிள்ளை, ஒரு பிசிக்ஸ் வாத்தியார் இருந்த ஊரெல்லாம் பார்க்கணும், அவர் போன வரிசையிலயே போகணும், முடியுமா?" யாரு அத்தை, ஐன்ஸ்டீனான்னாரு. பெஞ்சமின் லீன்னேன், கொரியாக்காரர், ஊர்ல பேரு ஈ ஹ்வி-சோ. அவருக்கும் தெரியல, பேரனுக்கும் தெரியல. மதுரையில 31 வருஷம் காலேஜ்ல பிசிக்ஸ் எடுத்தவ நான், என்கூட வேலை பார்த்தவங்கள்லயே நிறைய பேருக்குத் தெரியாது. ஆனா ஹிக்ஸ் போசான், அதான் அடிப்படைத் துகள்களுக்கு எடை எப்படி வந்துச்சுங்கிறதோட சம்பந்தப்பட்ட துகள், அந்தப் பேரைச் சொன்னா ஆட்டோ ஓட்டுற தம்பி வரைக்கும் பேர் கேள்விப்பட்டிருக்கும். அந்தப் பேரை உலகம் பூரா பரவ வச்சதே இந்த மனுஷன்தான்.

எனக்கு அவரைத் தெரிஞ்சது 1984ல. எம்ஃபில் பண்ணும்போது சென்னை தரமணில மேட்சயின்ஸ்ங்கிற கணித அறிவியல் நிறுவனத்து லைப்ரரிக்கு ரயிலேறிப் போய், 1973ல ஏபர்ஸும் லீயும் சேர்ந்து எழுதின கேஜ் தியரி (துகள்களுக்கு நடுவுல இருக்கிற விசைகளை விளக்குற தியரி) கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தேன், 141 பக்கம், அந்தக் காலத்துல அது ஒரு புடவைக் காசு. எங்க வீட்ல யாருக்கும் சொல்லல. வரிக்கு வரி விளக்கி, அடுத்த ஸ்டெப் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேட விடாம, படிக்கிற பிள்ளை எங்க தடுக்கி விழும்னு முன்னாடியே தெரிஞ்சு கை நீட்டுற மாதிரி எழுதியிருப்பாங்க. நான் பிற்பாடு பாடம் எடுத்த விதமே அதைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான். அந்த ஜெராக்ஸை இப்பவும் பையில வச்சிருக்கேன், ஓரமெல்லாம் பழுப்பாகி உதிருது.

சரி ஊருக்கு வர்றேன். இங்கிலாந்து ஆக்ஸ்ஃபோர்டு இல்ல இது, சின்சினாட்டிலேர்ந்து ஒரு மணி நேரம், சோளக்காட்டுக்கு நடுவுல ஒரு சின்ன ஊர், ஊர்ல பாதி மயாமி யுனிவர்சிட்டி. செங்கல் கட்டடம், வெள்ளை ஜன்னல், பெரிய பெரிய மரம். 1955 ஜனவரில இருபது வயசுப் பையனா இங்க வந்து இறங்கியிருக்காரு. 1935 ஜனவரி 1 சியோல்ல பிறந்தவர். பிறக்கும்போது நாடு ஜப்பான்காரன் கையில, பதினஞ்சு வயசுல கொரியப் போர், குடும்பத்தோட தெற்க ஓட்டம். அம்மா டாக்டர். சியோல் நேஷனல் யுனிவர்சிட்டியே அப்ப பூசான்ல கூடாரத்துல நடந்துட்டிருந்த நேரம், அதுல கெமிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தாரு, மனசு பூரா பிசிக்ஸ் மேல. கொரியப் போர்ல இருந்த அமெரிக்க ராணுவ அதிகாரிகளோட மனைவிமார் சேர்ந்து ஒரு ஸ்காலர்ஷிப் கொடுத்தாங்க, அதுல கிடைச்ச இடம்தான் இந்த ஆக்ஸ்ஃபோர்டு.

ஜனவரி ஒஹாயோ எப்படி இருக்கும்னு மக வீட்டு போட்டோவுல பார்த்திருக்கேன், கால் முட்டி வரைக்கும் பனி. மாப்பிள்ளை இங்க எம்எஸ் படிக்க வந்ததும் ஜனவரியிலதான். "முதல் ராத்திரி ஹீட்டர் எப்படிப் போடுறதுன்னு தெரியாம ரெண்டு ஜீன்ஸ் போட்டுத் தூங்கினேன் அத்தை, பக்கத்து ரூம்ல போய்க் கேக்கக் கூச்சமா இருந்துச்சு"ன்னு காரை ஓட்டிக்கிட்டே சொன்னாரு. கல்யாணமாகி பதினாலு வருஷத்துல இதை இன்னைக்குத்தான் சொல்றாரு. லீ ஒன்றரை வருஷத்துல 1956ல டிகிரி முடிச்சுட்டுக் கிளம்பிட்டாரு, அதுவும் உச்சபட்ச பாராட்டோட.

ரெண்டாம் நாள்: பிட்ஸ்பர்க்

நேத்து ராத்திரி பத்தரைக்கு வந்து சேர்ந்தோம். காலைல நேரா பென் ஹில்ஸ் வெங்கடாசலபதி கோயில். 1970கள்ல கட்டின கோயில், குன்று மேல வெள்ளைக் கோபுரம், கீழ கேண்டீன்ல புளியோதரை, தயிர் சாதம். பேரன் மூணு தட்டு சாப்பிட்டான். லீ இங்க படிச்சப்ப இதெல்லாம் கிடையாது, நம்மாளுங்களும் கிடையாது, கொரியாக்காரங்களும் விரல் விட்டு எண்ணுற அளவுதான் இருந்திருப்பாங்க.

1956லேர்ந்து 1958 வரைக்கும் இங்க மாஸ்டர்ஸ். யுனிவர்சிட்டிக்கு நடுவுல கதீட்ரல் ஆஃப் லேர்னிங்னு 42 மாடிக் கட்டடம். அதுல பல நாடுகளுக்கு ஆளுக்கொரு வகுப்பறை அந்தந்த நாட்டு மாதிரியிலயே கட்டியிருக்காங்க. இந்தியா ரூம் நாளந்தா மாதிரி, செங்கல் தூணோட. கொரியா ரூமுக்குப் போனோம், சியோல்ல இருக்கிற பழைய கன்ஃபூசியப் பள்ளியோட பாடசாலையைப் பார்த்துப் பண்ணினது, முழுக்க மரம். உள்ள போனதும் ஒரு மரவாசனை, எங்க தாத்தா வீட்டு உத்தரத்துல வர்ற வாசனை. இந்த ரூம் திறந்தது 2015ல. லீ படிக்கும்போது அவங்க நாட்டுக்குன்னு இங்க ஒரு ரூம் இருந்திருக்காது, அவர் மட்டும்தான் இருந்திருப்பாரு.

அம்மாவுக்கு அடிக்கடி கடிதம் எழுதற பிள்ளை அவர்.  இப்ப அவர் வாழ்க்கையைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல கொஞ்சம் அந்தக் கடிதங்கள்லேர்ந்து வந்தது.

ஒன்னு சொல்ல மறந்துட்டேன். லீங்கிறது இங்கிலீஷ்காரங்களுக்காக எழுதினது. தென்கொரியாவுல அந்தக் குடும்பப் பேரை வெறும் "ஈ"ன்னுதான் சொல்வாங்க, ஈ ஹ்வி-சோ. பெஞ்சமின்கிறது பெஞ்சமின் ஃபிராங்க்ளினைப் பார்த்து அவரே வச்சுக்கிட்டது. நம்ம தமிழ்ல ஈன்னா கொடுன்னு அர்த்தம். பேரன்கிட்ட சொன்னேன், நல்லா இருக்கு பாட்டின்னான்.

மூணாம் நாள்: பிலடெல்ஃபியா

பென்சில்வேனியாவோட இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி. முந்நூறு மைலுக்கு மேல டர்ன்பைக்கிற டோல் ரோடு, மலையைக் குடைஞ்ச டன்னல் வேற, பேரன் ஒவ்வொரு டன்னலுக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வந்தான்.

சாயங்காலம் 33ஆம் தெரு, வால்நட் தெரு முனையில ரிட்டன்ஹவுஸ் லேப். பார்க்க ஒன்னுமில்ல, 1950கள்ல கட்டின சாதாரண டிபார்ட்மென்ட் கட்டடம், எங்க காலேஜ் சயின்ஸ் பிளாக் மாதிரியே இருக்கு. ஆனா நான் அங்க வாசப்படில கால் மணி நேரம் உக்காந்திருந்தேன், ஏன்னா ஹிக்ஸ் கதையோட ஒரு நுனி இங்கதான் இருக்கு. லீ இங்க ஏப்ரகாம் கிளைன்கிட்ட பிஎச்டி பண்ணாரு, அப்புறம் இங்கயே வாத்தியார், முப்பது வயசு வாக்குல ப்ரொஃபசர். 1964ல கிளைனும் லீயும் ஒரு சின்னக் கட்டுரை எழுதினாங்க. இயற்கை விதில இருக்கிற சமச்சீர் தானா உடைஞ்சா எடையே இல்லாத துகள் ஒன்னு வந்தே ஆகணும்னு அப்ப ஒரு தேற்றம், கோல்ட்ஸ்டோன் தேற்றம். அப்படி ஒரு துகளை யாரும் பார்த்ததில்ல, அதனால சமச்சீர் உடையறதை வச்சுத் துகள்களுக்கு எடை வரவைக்கிற வழியே அடைஞ்சு போய்க் கிடந்துச்சு. நிஜமாவே வந்தே ஆகணுமான்னு இவங்க ரெண்டு பேரும் கேட்டாங்க, கரண்ட் தடையே இல்லாம ஓடுற சூப்பர்கண்டக்டர் மாதிரி இடத்துல வராம தப்பிக்க முடியுதேன்னு காட்டினாங்க. அதுக்கு வால்டர் கில்பர்ட் மறுப்பு எழுதினாரு, ஐன்ஸ்டீனோட சார்பியலோட அது ஒத்து வராதுன்னு. அந்த மறுப்பை எடின்பரோவுல உக்காந்து படிச்ச பீட்டர் ஹிக்ஸ், விசையைக் கொண்டு போற கேஜ் புலம் இருந்தா தப்பிக்கலாமேன்னு பதில் எழுதினாரு. அதே வருஷம் பெல்ஜியத்துல எங்லேர், பிரவுட்னு ரெண்டு பேர் தனியா அதையே கண்டுபிடிச்சாங்க, லண்டன்ல இன்னும் மூணு பேர். ஒருத்தர் கேள்வி கேட்டு, இன்னொருத்தர் மறுத்து, மூணாவது ஆள் அந்த மறுப்புல ஓட்டை கண்டுபிடிச்சு, இப்படித்தான் நடந்திருக்கு. ஸ்கூல் புக்ல ஒரே ஒரு பேரைப் போட்டுட்டுப் போயிடுறாங்க, பிள்ளைங்களும் ஏதோ ஒருத்தர் மரத்தடில உக்காந்து நினைச்சாரு வந்துச்சுன்னு நினைச்சுக்குது.

1962ல கல்யாணம். பொண்ணு மலாயாவுலேர்ந்து படிக்க வந்த சீனக் குடும்பத்துப் பொண்ணு. ஒரு பையன், ஒரு பொண்ணு.

நாலாம் நாள்: பிரின்ஸ்டன், ஸ்டோனி புரூக்

பிரின்ஸ்டன்ல இன்ஸ்டிடியூட் ஃபார் அட்வான்ஸ்டு ஸ்டடிங்கிற ஆராய்ச்சி நிறுவனத்துல அரை மணி நேரம்தான். ஃபுல்டு ஹாலுக்குப் பின்னாடி காடு, நடைபாதை, நல்ல நிழல். ஓப்பன்ஹைமர் டைரக்டரா இருந்த காலத்துல லீ இங்க இருந்தாரு. ஐன்ஸ்டீன் 1955 ஏப்ரல்ல இறந்தாரு, லீ அமெரிக்கா வந்து மூணே மாசத்துல. பேரன் ஐன்ஸ்டீன் வீட்டைப் பார்க்கணும்னான், பார்த்தோம், உள்ள விட மாட்டாங்க.

அப்புறம் லாங் ஐலண்ட். அந்த ரோட்டைப் பத்தி என்ன சொல்ல, நூத்துச் சொச்சம் மைலுக்கு நாலு மணி நேரம்.

ஸ்டோனி புரூக்குக்கு லீ 1966ல வந்தாரு. அதே வருஷம்தான் சி.என். யாங்கும் வந்தாரு, சீனாவுலேர்ந்து வந்து 1957ல நோபல் வாங்கினவர், அவர் ஆரம்பிச்ச தியரி இன்ஸ்டிடியூட். அப்ப இது புத்தம்புது யுனிவர்சிட்டி. லீ 1973 வரைக்கும் இங்க. 1968ல அமெரிக்கக் குடியுரிமை வாங்கினாரு. மாப்பிள்ளை இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசல. அவருக்கும் போன வருஷம்தான் வந்துச்சு, நீல பாஸ்போர்ட்டை சரண்டர் பண்ணின அன்னிக்கு ராத்திரி சாப்பிடலன்னு மக என்கிட்ட ஃபோன்ல சொன்னா. நான் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல.

இந்த ஊர்ல அவர் செஞ்ச வேலையைத்தான் நான் பெருசா நினைக்கிறேன். ஹிக்ஸ் வழியை வச்சு, மின்காந்த விசையையும் அணுக்கருவுல இருக்கிற வலுக்குறைந்த விசையையும் ஒன்னாக்கி வெயின்பெர்க் 1967ல ஒரு தியரி எழுதினாரு, சலாமும் தனியா எழுதினாரு, யாரும் சீந்தல. காரணம் என்னன்னா, கணக்கைக் கொஞ்சம் ஆழமாப் போட்டா விடை முடிவிலின்னு வந்து நிக்கும்னு பயம். முடிவிலியைக் கழிச்சு ஒழுங்கான எண் வரவைக்கிறதுக்குப் பேர்தான் ரீநார்மலைசேஷன். 1970ல பிரான்சுல கார்சிகா தீவுல ஒரு சம்மர் ஸ்கூல், லீ அங்க சிக்மா மாடல்னு ஒரு எளிய தியரிக்கு இதை எப்படிச் செய்யறதுன்னு பாடம் எடுத்தாரு. கேட்டுக்கிட்டிருந்த பிள்ளைங்கள்ல ஒருத்தர் ஜெரார்ட் டி ஹூஃப்ட், நெதர்லாந்து, அப்ப ஆராய்ச்சி மாணவர். இதையே கேஜ் தியரிக்குச் செய்ய முடியாதான்னு அந்தப் பிள்ளை மனசுல கேள்வி. அடுத்த வருஷமே செஞ்சு காட்டிட்டாரு. அந்தக் கட்டுரை படிக்க ரொம்பக் கஷ்டம், புது முறை, பெரியவங்களுக்கே பிடிபடல. லீ அதை எடுத்து, எல்லாருக்கும் பழக்கமான முறையில திருப்பிப் போட்டு, சரியாத்தான் இருக்குன்னு காட்டினாரு. வெயின்பெர்க்குக்கே அதுக்கப்புறம்தான் நம்பிக்கை வந்துச்சு. டி ஹூஃப்டும் அவர் வாத்தியார் வெல்ட்மனும் 1999ல நோபல் வாங்கினாங்க, வெயின்பெர்க், சலாம், கிளாஷோ 1979லயே. இந்த வரிசையில ஒவ்வொரு முடிச்சுலயும் லீ நிக்கிறாரு.

1972ல ஒரு பெரிய மாநாட்டுல அந்தத் துறையோட மொத்த நிலவரத்தையும் தொகுத்துப் பேசினாரு, அதுல அந்தத் துகளைப் பேசும்போதெல்லாம் ஹிக்ஸ், ஹிக்ஸ்னே சொன்னாரு. மத்தவங்களுக்கும் அதே வாயில வந்துடுச்சு. மத்த அஞ்சு பேருக்கு அது நியாயமான்னு இன்னும் பேசுறாங்க, எனக்கும் அதுல வருத்தம் உண்டு. ஆனா தன் கட்டுரையும் அந்த வழில ஒரு படின்னு தெரிஞ்ச மனுஷன், தன் பேரை எங்கயும் நுழைக்காம இன்னொருத்தர் பேரைச் சொல்லிட்டே இருந்திருக்காரு.

ராத்திரியே சிகாகோ ஃப்ளைட். வாடகைக் காரை ஏர்போர்ட்லயே விட்டாச்சு.

அஞ்சாம் நாள்: சிகாகோ பக்கம் பட்டேவியா, ஃபெர்மிலேப்ங்கிற துகள் ஆராய்ச்சிக்கூடம்

கேட்ல பாஸ்போர்ட், விசா எல்லாம் பார்த்துத்தான் உள்ள விட்டாங்க. உள்ள போனா புல்வெளி, காட்டெருமைக் கூட்டம். நிஜம்தான், முதல் டைரக்டர் ராபர்ட் வில்சன் 1969ல கொண்டாந்து விட்டது. குட்டிங்க செம்பட்டை நிறத்துல அம்மா பின்னாடியே ஓடுது. வில்சன் ஹால் 16 மாடி, ரெண்டு கை சேர்த்துக் கும்பிடுற மாதிரி வளைஞ்சு மேல போகுது. வேலி ஓரத்துலேர்ந்து பார்த்தா தரை லேசா மேடு தட்டி வளைஞ்சு போறது தெரியும், அதுக்குக் கீழதான் துகள்களை வேகமா ஓட விட்ட பழைய ரிங், நாலு மைல் சுத்தளவு.

1973ல லீ இங்க தியரி டிபார்ட்மென்ட் தலைவரா வந்தாரு, கூடவே சிகாகோ யுனிவர்சிட்டில ப்ரொஃபசர். நம்ம சந்திரசேகர் அப்ப அதே யுனிவர்சிட்டிலதான், சென்னை பிரசிடென்சில படிச்சுட்டு 1930ல கப்பலேறினவர். ஒரே காரிடார்ல நடந்திருப்பாங்களோன்னு நினைச்சுப் பார்த்தேன்.

இங்க அவர் செஞ்சதுல ஒன்னை மட்டும் பேரனுக்குப் பேப்பர்ல எழுதிக் காட்டினேன். புரோட்டான், நியூட்ரான் எல்லாம் குவார்க்னு இன்னும் சின்னத் துகள்களால ஆனது, அப்ப மூணு வகை குவார்க்தான் தெரியும். நாலாவதா சார்ம்னு ஒன்னு இருக்கணும்னு கிளாஷோவும் கூட ரெண்டு பேரும் 1970ல சொல்லிட்டாங்க, எடை எவ்வளவுன்னு தெரியாது. மேரி கயார்டுன்னு ஒரு பெண் விஞ்ஞானி, அந்தக் காலத்துல இந்தத் துறைல பெண்கள் எத்தனை பேர், அவங்களும் லீயும் உக்காந்து கே மெசான்கிற துகள் அபூர்வமா உடையறதையும், அதுல ரெண்டு வகைக்கு நடுவுல இருக்கிற இத்தனூண்டு எடை வித்தியாசத்தையும் வச்சு, சார்ம் எடை சுமார் 1.5 ஜிஇவி இருக்கும்னு கணக்குப் போட்டாங்க (ஜிஇவிங்கிறது துகள் எடைக்கான அளவு, ஒரு புரோட்டான் கிட்டத்தட்ட 1 ஜிஇவி). ஜோனதன் ரோஸ்னரும் சேர்ந்து எங்க தேடணும், எப்படித் தேடணும்னு ஒரு நீளக் கட்டுரை. அது 1974 கோடை. நவம்பர்ல ரெண்டு லேப்ல ஒரே சமயத்துல புதுத் துகள் அகப்பட்டுச்சு, சார்மும் அதோட எதிர்த் துகளும் சேர்ந்தது, எடை 3.1 ஜிஇவி. ஒன்றரையை ரெண்டால பெருக்கிப் பாருடான்னேன். பேரன் பேப்பரை எடுத்துப் பாக்கெட்ல வச்சுக்கிட்டான்.

1977ல குவிக், தாக்கர்னு ரெண்டு பேர்கூட ஹிக்ஸ் எடைக்கு உச்சவரம்பு போட்டாரு, சுமார் 1000 ஜிஇவி, அதுக்கு மேல போனா தியரி உடைஞ்சுடும். ஜெனீவால துகள்களை மோத விடுற அவ்வளவு பெரிய மெஷின் கட்டினதுக்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். 2012 ஜூலை 4 ஹிக்ஸ் அகப்பட்டுச்சுன்னு அறிவிச்சாங்க, 125 ஜிஇவி. அன்னிக்கு நான் கிளாஸ்ல லீ பேரைச் சொன்னப்ப பிள்ளைங்க ஸ்பெல்லிங் கேட்டுச்சுங்க.

ராத்திரி ஒரு கொரியன் ஹோட்டல். முதலாளியம்மா கிம்ச்சி கொண்டாந்து வைக்கும்போது எங்க போயிட்டு வர்றீங்கன்னு கேட்டாங்க, மாப்பிள்ளை பேரைச் சொன்னாரு. ஓ, அணுகுண்டு செஞ்சவர், அதனால அமெரிக்காக்காரங்க கொன்னுட்டாங்கன்னாங்க. எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. 1990கள்ல கொரியாவுல ஒரு நாவல் வந்து லட்சக்கணக்குல வித்துச்சு, அவரை மாதிரி ஒரு பாத்திரம், நாட்டுக்காக ரகசியமா குண்டு செய்ய உதவுறதா. குடும்பத்தார் கோர்ட் வரைக்கும் போனாங்க. அவர் செஞ்சது துகள் தியரி, குண்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. சொல்லப்போனா, தென்கொரியாவுல பார்க் சுங்-ஹீயோட சர்வாதிகார ஆட்சில ராணுவம் யுனிவர்சிட்டிக்குள்ள புகுந்தப்ப, கொரியாவுல தான் நடத்த இருந்த சம்மர் ஸ்கூலை வேண்டாம்னு நிறுத்தினவர் அவர். 1974லதான் சியோல் யுனிவர்சிட்டியை மேம்படுத்துற வேலையா திரும்பிப் போனாரு. மாப்பிள்ளையை வச்சு இதையெல்லாம் அந்தம்மாகிட்ட சொல்ல வச்சேன். பொறுமையாக் கேட்டாங்க. அப்புறம், அவர் அம்மாவுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு மட்டும் சொன்னாங்க.

ஆறாம் நாள்: ஐ-80, கெவானி பக்கம்

காலைல எட்டு மணிக்கு பட்டேவியாவுலேர்ந்து கிளம்பினோம், மேற்கு நோக்கி. 1977 ஜூன் 16, அவரும் மனைவி, ரெண்டு பிள்ளைங்களோட இதே திசையிலதான் கிளம்பியிருக்காரு. கொலராடோ ஆஸ்பென்ல லேபோட கமிட்டி மீட்டிங், அப்படியே குடும்பத்துக்கும் கோடை விடுமுறை.

ஐ-88, நடுவுல ஐ-39, அப்புறம் ஐ-80. ரெண்டு பக்கமும் சோளம், முழங்கால் உயரம், நடுவுல நடுவுல சோயா. தட்டைன்னா அப்படி ஒரு தட்டை, ஏரிக்கரை மாதிரி ஒரு மேடு கூட இல்ல. கெவானி போர்டு வந்ததும் மாப்பிள்ளை தானாவே வேகத்தைக் குறைச்சுட்டாரு. நிறுத்த இடமில்ல, ஹைவே. ரெண்டு பக்க ரோட்டுக்கும் நடுவுல புல்லுதான், அகலமா, சாதுவா, நடுவுல கொஞ்சம் பள்ளம். எதிர்ப்பக்கம் வந்த லாரி ஒன்னு கட்டுப்பாடு போய் இந்தப் புல்லைத் தாண்டி வந்து அவர் காரை மோதிச்சு. அதுலயே போயிட்டாரு. வயசு 42. மனைவியும் பிள்ளைங்களும் பிழைச்சுக்கிட்டாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு ஜூன் 30, ஃபெர்மிலேப்ல லெடர்மன் குழு அப்சிலான்கிற துகளை அறிவிச்சாங்க, அஞ்சாவது குவார்க்கும் அதோட எதிர்த் துகளும் சேர்ந்தது. அவர் இருந்திருந்தா முதல் வரிசைல உக்காந்திருப்பாரு. ஜூலைல வெயின்பெர்க்கும் அவரும் எழுதின கட்டுரை அச்சுல வந்துச்சு, பிரபஞ்சத்துல நியூட்ரினோங்கிற துகள்ல கனமான வகை ஒன்னு இருந்தா எடை குறைஞ்சபட்சம் 2 ஜிஇவியாவது இருக்கணும்னு. டார்க் மேட்டர்னு கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கனமான துகளா நினைச்சுத் தேடுறவங்களுக்கு அந்தக் கணக்கு ஒரு ஆரம்பப் புள்ளி. அவர் அதை அச்சுல பார்க்கல.

அடுத்த எக்ஸிட்ல இறங்கி ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தினோம். மாப்பிள்ளை இறங்கல, ஸ்டீயரிங்ல கை வச்சபடியே உக்காந்திருந்தாரு. ஒரு லாரி போகும்போது கார் லேசா ஆடுச்சு. நான் பையிலேர்ந்து அந்த ஜெராக்ஸை எடுத்து மடில வச்சுக்கிட்டேன், படிக்கல.

பின் சீட்ல பேரன் மாப்பிள்ளை ஃபோனை வாங்கி ஆஸ்பென்னு போட்டுப் பார்த்துட்டிருந்தான்.

"இன்னும் ஆயிரம் மைலுக்கு மேல இருக்கு பாட்டி"ன்னான்.